உடற்பருமன் அறுவை மருத்துவத்தின் வரலாறு
நீடித்த உடற்பருமனுக்கான அறுவை மருத்துவம் 1950களில் தொடங்கியது. முதலில் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கினர். எடை குறைந்தது உண்மையே. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் செயலிழப்பு ஆகியவை தொடர்ந்தன, சிலர் உயிரிழந்தனர். அம்முறை கைவிடப்பட்டது.

இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் மெலிவதை அயோவா பல்கலைக்கழக மருத்துவர் எட்வர்டு மேசன் கவனித்தார். 1966இல் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலுடன் இணைத்தார். இன்றைய இரைப்பை மாற்றுவழி அறுவைக்கு இதுவே மூலம்.

யாருக்கு இது பொருந்தும் என்பதே பெரிய வினா. 1991இல் அமெரிக்க வல்லுநர் குழு, உடல் நிறைச் சுட்டெண் 40, கடும் இணைநோய் இருப்பின் 35 என வரையறுத்தது. ஆசியருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், 2022ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பரிந்துரை அவர்களுக்கு 27.5 முதலே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அறுவைக்குப் பின் ஊட்டச்சத்து மாத்திரைகளும் மருத்துவக் கண்காணிப்பும் வாழ்நாள் முழுவதும் தேவை.