நாற்றத் தண்ணீரில் பிறந்த நெருப்பு

செம்பனை ஆலைக்குப் பின்பக்கம் இருக்கும் குளங்களைப் பற்றித் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்றடிக்கிற வாடையை வைத்தே, "இன்னிக்கு ஆலை ஓடுது" என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் குளத்துத் தண்ணீரின் சரித்திரம்தான் இது.

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு, நம் நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டார்கள். அறுபதுகளுக்குப் பின் பால்மரங்கள் விழ விழ, செம்பனையும் ஆலைகளும் பெருகின. பழக்குலையை நீராவியில் அவித்துப் பிழிந்தால் நாரும் ஓடும் மிஞ்சும். அவை பாய்லர் அடுப்புக்கு விறகாகிவிடும். தொல்லை கொடுத்தது தண்ணீர்தான். ஒரு டன் குலைக்கு அரை டன்னுக்கு மேல் கழிவு நீர்! அது நேரே ஆற்றுக்குப் போயிற்று. அதில் விஷம் கலந்திருக்கவில்லை. ஆனால் அந்தச் சக்கை அழுகும்போது ஆற்றிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். அந்த ஆற்றில் குளித்தவர்களும் துவைத்தவர்களும் யார் என்று நான் சொல்லவா வேண்டும்?

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிகள் வந்தன. கழிவு நீர் எவ்வளவு பிராணவாயுவைக் குடிக்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஆலையிலிருந்து வரும்போது அது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். 1978-இல் 5,000-க்கு மேல் கூடாது என்றார்கள். படிப்படியாக இறக்கி 1984-இல் 100 ஆக்கினார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கெட்டிக்காரத்தனமான சட்டம்! ஆலைகள் குளங்கள் வெட்டி, நுண்ணுயிர்களை விட்டுக் கழிவைத் தின்னவைத்தன.

ஆறு தப்பியது. ஆனால் காற்றுப் புகாத குளத்தடியில் நுண்ணுயிர்கள் தின்றால் மீதேன் வாயு கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். தண்ணீரின் கேடு ஆகாயத்துக்கு ஏறியது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சோவியத் நாட்டுக்காரரை நினைக்கத் தோன்றுகிறது. ஹென்ரிக் அல்ட்ஷுல்லர் (1926–1998) கடற்படையில் கண்டுபிடிப்புகளைப் பரிசோதிக்கும் வேலையிலிருந்தவர். ஸ்டாலின் காலத்தில் வோர்க்குத்தா சிறைமுகாமில் வாடியவர். ஏராளமான காப்புரிமைகளை ஆராய்ந்து, 'டிரிஸ்' என்ற முறையை வகுத்தார். முரண்பாடு வந்தால் பாதிப் பாதியாகச் சமாளிக்காதே, அதை அடியோடு நீக்கு என்பது அவர் கொள்கை. அவர் சொன்ன 40 வழிகளில் ஒன்று, கெடுதலையே நன்மையாக மாற்றுவது.

ஆலைக் குளத்தில் அதுவே நடந்தது. வாயு பிறந்தால்தான் நீர் சுத்தமாகும், பிறந்தாலோ கேடு. அப்படியானால் பிறக்கட்டும், ஓடவிடாதே! குளத்தின்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை மூடினார்கள். சில ஆலைகளில் தொட்டி கட்டினார்கள். ஒரு டன் கழிவு நீரில் சுமார் 28 கனமீட்டர் வாயு கிடைக்கும். அதை இயந்திரத்தில் எரித்தால் மின்சாரம்.

அதிலும் ஒரு வில்லங்கம். வாயுவோடு அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயுவும் வரும். அது இயந்திரத்தை அரித்துவிடும். பல இடங்களில் அதையும் வேறொரு வகை நுண்ணுயிரே தின்று தீர்க்கிறது. புழு பிடிக்கப் புழுவையே விட்ட கதை!

2014 முதல் புதிய ஆலைகளுக்கு வாயு பிடிக்கும் வசதி கட்டாயமானது. 2020-க்குள் எல்லா ஆலைகளிலும் என்று வைத்த குறியோ நிறைவேறவில்லை. காட்டோரத்து ஆலைக்கும் தேசிய மின்கம்பிக்கும் இடையே பல மைல் தூரம் இருக்கும். கம்பி இழுக்கும் செலவை யார் ஏற்பது? அதனால் சில ஆலைகளில் பிடித்த வாயுவைக் குழாய் முனையில் வீணே கொளுத்திவிடுகிறார்கள். இரவில் தோட்டத்து ரோட்டில் போகும்போது அந்தத் தீ தூரத்திலிருந்தே தெரியும்.