வரிசையில் நின்ற பூனைகள்

1939, செப்டம்பர் 3. ஞாயிற்றுக்கிழமை. காலை 11.15 மணிக்கு பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின் ரேடியோவில் பேசினார். ஜெர்மனியுடன் போர் என்றார். அவ்வளவுதான்!

அடுத்த சில நாட்கள் லண்டனில் ஒரு விநோத க்யூ. அரிசி, பருப்புக்கு அல்ல. கால்நடை மருத்துவர்களின் வாசலில்! கூடையில் பூனை, கயிற்றில் நாய். வந்தவர்கள் வைத்தியம் பார்க்க வரவில்லை. ‘கொன்று கொடுங்கள்’ என்று கேட்க வந்திருந்தார்கள்.

நம்ப முடியவில்லை, இல்லையா? ஒரே வாரத்தில் லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் பூனைகளும் நாய்களும் கொல்லப்பட்டன. அதாவது, ஊரில் இருந்தவற்றில் நாலில் ஒரு பங்கு. எல்லாம் முந்தின வாரம்வரை மடியில் தூங்கியவை, பெயர் வைத்துக் கூப்பிடப்பட்டவை. இத்தனைக்கும் அந்த வாரம் லண்டன்மீது ஒரு குண்டுகூட விழவில்லை. ஜெர்மன் விமானங்கள் திரண்டுவந்து நகரத்தைத் தாக்கத் தொடங்கியது 1940 செப்டம்பர் 7-ல்தான். முழுசாக ஒரு வருஷம் கழித்து!

அரசாங்கம் உத்தரவு போட்டதா? அதுதான் இல்லை. விமானத் தாக்குதலின்போது விலங்குகளைப் பாதுகாக்க ஒரு கமிட்டி இருந்தது. அது ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டது. ‘முடிந்தால் கிராமத்துக்கு அனுப்புங்கள். யாரிடமாவது ஒப்படையுங்கள். எதற்குமே வழியில்லை என்றால் வலியில்லாமல் முடித்துவிடுவதுதான் கருணை’ என்பது அதன் சாரம். ஜனங்கள் முதல் இரண்டு யோசனைகளைத் தாண்டி நேராகக் கடைசிக்குப் போய்விட்டார்கள்.

காரணங்கள் இல்லாமல் இல்லை. பொதுப் பதுங்குகுழிகளில் விலங்குகளுக்கு அனுமதி கிடையாது. முதல் உலகப்போர்க்காலத்து உணவுப் பஞ்சம் பெரியவர்களுக்கு நினைவிருந்தது. ‘நமக்கே சோறு கிடைக்குமோ கிடைக்காதோ, இதுக்கு எங்கே போறது?’ என்ற பயம். ‘அவசரப்படாதீர்கள்’ என்று விலங்கு நல அமைப்புகள் கெஞ்சிப் பார்த்தன. யார் கேட்டார்கள்?

சிலர் கேட்டார்கள். ஹாமில்டன் சீமாட்டி நினா, தன் ஃபெர்ன் எஸ்டேட்டையே விலங்குகளுக்குத் திறந்துவிட்டார். மேரி டீல்பி என்ற பெண்மணி 1860-ல் தெரு நாய்களுக்காகத் தொடங்கிய காப்பகம் ஒன்று உண்டு. பேட்டர்ஸீ இல்லம். 1883 முதல் பூனைகளுக்கும் அங்கே இடம். போர் முழுக்க அது கதவைச் சாத்தவில்லை. காப்பாற்றிய நாய்கள் மட்டும் 1,45,000!

இன்னொருவர், ஹென்றி ராஸ் என்ற பாதிரியார். 1936-ல் அவருடைய செயின்ட் அகஸ்டின் தேவாலயத்துக்குள் ஒரு தெருப்பூனை நுழைந்தது. கோயில் ஊழியர் விரட்ட விரட்டத் திரும்பி வந்தது. ‘சரி, இருந்துட்டுப் போகட்டும்’ என்றார் ராஸ். ஃபெய்த் என்று பெயரும் வைத்தார். 1939-ல் அவர் எந்த க்யூவிலும் போய் நிற்கவில்லை.

1940 செப்டம்பரில் ஃபெய்த் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு திரும்பத் திரும்ப நிலவறைக்கு ஓடியது. 9-ம் தேதி இரவு குண்டு விழுந்து தேவாலயம் நொறுங்கியது. மறுநாள் இடிபாடுகளுக்கு நடுவே ராஸ் பேர் சொல்லிக் கூப்பிட, உள்ளிருந்து சன்னமாக ஒரு ‘மியாவ்’. குட்டியை அணைத்தபடி உயிரோடு இருந்தது தாய்! 1945-ல் அதற்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள்.

இது போர்க்காலத்துக் கதை மட்டும்தானா? 2020-ல் கொரோனா வந்தபோது, செல்லப்பிராணிகள் மூலம் நோய் பரவும் என்ற வதந்தியை நம்பி பல நாடுகளில் நாயையும் பூனையையும் தெருவில் விட்டவர்கள் உண்டு. அதே பயம், அதே அவசரம்.

காப்பகத்திலிருந்து பூனையைத் தத்தெடுக்கப் போகிறீர்களா? ரொம்ப சந்தோஷம். ஆனால், கணக்கைச் சரியாகப் போடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பூனை 15 வருஷம்கூட இருக்கும். தீனி, வருஷாவருஷம் தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன், மணல்தட்டைச் சுத்தம் செய்வது... இதெல்லாம் தெரிந்த செலவு. தெரியாத செலவும் உண்டு. வேலை போகலாம், வீடு மாறலாம், குழந்தை பிறக்கலாம். அப்போது இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்தப் பெயரை இன்றே முடிவு செய்துவிடுங்கள். லண்டன்காரர்கள் பூனைமேல் பாசம் இல்லாதவர்கள் அல்ல. அந்த ஒரு பெயரை முன்கூட்டியே யோசித்து வைக்காதவர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.