கட்டட அனுமதியிலிருந்து சுற்றாடல் உரிமம் வரை

ஒருவன் தன் காணியில் யாது செய்யலாம் என்பதை ஊர்ச்சபையிடம் கேட்டறிய வேண்டும் என்னும் நியதி இலங்கையில் வேரூன்றியமைக்கு நிலத்தைப் பற்றிய கவலையிலும் நோயைப் பற்றிய அச்சமே கூடிய காரணம் எனலாம். 1914 ஆம் ஆண்டிற் கொழும்பிற் கொள்ளைநோய் பரவிற்று. துறைமுகத்தை அண்டிய நெருக்கமான குடியிருப்புகளும் எலிகள் பெருகிய தானியக் களஞ்சியங்களும் ஆட்சியாளரின் கவனத்தை ஈர்த்தன. அடுத்த ஆண்டிலேயே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது தற்செயலன்று எனக் கருத இடமுண்டு.

1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கமான இச்சட்டம், உள்ளூராட்சித் தலைவர் வரைபடத்தை அங்கீகரித்த பின்னரே கட்டடம் எழுப்பலாம் என்றும், இணக்கச் சான்றிதழ் பெற்ற பின்னரே அதிற் குடிபுகலாம் என்றும் விதித்தது. வீட்டின் பின்புறத்தில் விடவேண்டிய வெளியும் தெருவின் அகலமும் அதில் இடம்பெற்றன. வசிக்கத் தகாத வீட்டை மூடுவிக்கும் அதிகாரமும் சபைக்குக் கிடைத்தது. மூடப்பட்ட வீட்டில் இருந்தோர் எங்கே செல்வது என்பதே ஏழைகளின் கேள்வியாயிற்று.

1921 இற் பற்றிக் கெடஸ் கொழும்புக்கு வரைந்த திட்டமும், 1946 இன் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டமும் பார்வையைத் தனி வீட்டிலிருந்து நகர முழுமைக்கு விரித்தன. ஆயின் 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை தோன்றியபின், பிரகடனஞ் செய்யப்பட்ட பகுதிகளில் உள்ளூர்ச் சபை பிறர் ஒப்படைத்த அதிகாரத்தைச் செலுத்தும் நிலைக்கு இறங்கியது.

புகையும் கழிவுநீரும் இரைச்சலும் சட்டத்தின் கண்ணிற் தனிப் பொருளாகப் பட்டது பிந்தியே. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்திற்கு 1988 இற் செய்யப்பட்ட திருத்தம், உரிமமின்றிக் கழிவை வெளியேற்றலாகாது என்றது. 2008 ஆம் ஆண்டின் வர்த்தமானிப் பட்டியல் தொழில்களை மூவகையாக்கி, மாசு குறைந்த 25 வகைகளுக்கு உரிமம் வழங்கும் பணியை உள்ளூராட்சி மன்றங்களிடம் விட்டது. இங்கும் மூல அதிகாரம் மத்திய சுற்றாடல் அதிகார சபையினதே. மன்றம் அதன் கை மாத்திரமே.

இதே திருத்தத்தில் நோக்கற்பாலதான முரண்பாடொன்று உண்டு. பெருந்திட்டத்தின் சுற்றாடற் தாக்க மதிப்பீட்டறிக்கை வெளிவந்தால், பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாள் அவகாசம் உண்டு. சிறு ஆலையின் உரிமத்திலோ, மறுக்கப்பட்ட விண்ணப்பதாரரும் உரிமம் இரத்தான உரிமையாளருமே அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையிடலாம். வேலிக்கு அப்பால் புகையைச் சுவாசிப்பவருக்கு அவ்வாயில் திறக்கப்படவில்லை. அயலவர் முறைப்பாடு செய்யலாம். அது பயனளியாவிடின், 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ்ப் பொதுத் தொல்லையென நீதவானிடம் செல்லலாம். நீதவான் அத்தொல்லையை அகற்றுமாறு நிபந்தனைக் கட்டளை பிறப்பிப்பார். எதிராளி நீதிமன்றில் தோன்றிக் காரணம் காட்டலாம்.