பட்டுக்கோட்டையில் தெருவோர வாகன நிறுத்தமும் நகராட்சி முடிவுகளும்

தெருவோர வாகன நிறுத்தம் என்பது பொதுச் சாலையின் ஓரத்தில் வாகனங்களை நிறுத்துவதையும், எங்கே, எவ்வளவு நேரம், எந்தக் கட்டணத்தில் நிறுத்தலாம் என்று அரசும் உள்ளாட்சியும் வகுக்கும் விதிகளையும் குறிக்கும். ஒருவழிப்பாதை, சரக்கு வாகனங்களுக்கான நேரக் கட்டுப்பாடு, வேகத்தடை, ஆட்டோ நிறுத்தம், தரைக்கடைகளுக்கு இடம் ஒதுக்குதல் ஆகியவையும் இதோடு சேர்ந்தே வரும். தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள பட்டுக்கோட்டை போன்ற வணிக நகரங்களில் இவை அன்றாட வாழ்வைத் தொடும் முடிவுகள். சாலையின் ஓரம் எல்லோருக்கும் பொதுவான புறம்போக்கு. அதை யார் எப்போது பயன்படுத்தலாம் என்பதை ஊரறிய முடிவு செய்வதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

நகரும் சாலைகளும்

பட்டுக்கோட்டை வருவாய்க் கோட்டத்துக்கும் வட்டத்துக்கும் தலைநகர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 73,135, வார்டுகள் 33. பகலில் ஊருக்குள் இருக்கும் கூட்டத்தை இந்த எண் காட்டாது. ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூருக்கும், மதுக்கூர் வழியாக மன்னார்குடிக்கும், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பேராவூரணி, அறந்தாங்கி ஆகிய ஊர்களுக்கும் செல்லும் சாலைகள் இங்கே கூடுகின்றன. சுற்றுப்புறக் கிராம மக்கள் உரம், விதை, துணி, நகை, மருத்துவம், வங்கி, பத்திரப் பதிவு என எல்லாவற்றுக்கும் இந்த ஊருக்குத்தான் வருகிறார்கள்.

அவர்கள் வந்து சேரும் இடங்கள் மணிக்கூண்டும் அதை ஒட்டிய கடைவீதிகளும் பேருந்து நிலையமும். வெளியூர்ச் சாலைகள் நகருக்குள் வந்து சேரும் சந்திப்புகளை மக்கள் அறந்தாங்கி முக்கம், வடசேரி முக்கம் என்று முக்கம் பெயரிட்டே அழைக்கிறார்கள். பேருந்து நிற்பதும், ஆட்டோ சேர்வதும், டீக்கடை பெஞ்சு நிரம்புவதும் இந்த முக்கங்களில்தான். நெரிசலும் இங்கேதான் தொடங்குகிறது.

நெரிசலுக்குப் பருவமும் உண்டு. மேட்டூர் அணையோடு 1934இல் நடைமுறைக்கு வந்த கல்லணைக் கால்வாய்ப் பாசனம் இப்பகுதியை நெல் விளையும் நிலமாக்கியது. தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடியும்போது நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து மூட்டை ஏற்றிய லாரிகள் நகரச் சாலைகளைக் கடக்கின்றன. தேங்காய் ஏற்றும் லாரிகளும் லோடு ஆட்டோக்களும் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. தீபாவளி, பொங்கல், முகூர்த்த நாட்கள், நாடியம்மன் கோயில் பங்குனித் திருவிழா ஆகிய காலங்களில் கடைவீதியில் நடப்பதே கடினம்.

அகலக் கணக்கு

பழைய கடைவீதிகள் மாட்டுவண்டியும் சைக்கிளும் ஓடிய காலத்தில் அமைந்தவை. எடுத்துக்காட்டாக, வடிகால் போக 7 மீட்டர் அகலமுள்ள ஒரு வீதியை எடுத்துக்கொள்ளலாம். பைக்கின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். கடையைப் பார்த்து நேராக இரண்டு பக்கமும் பைக்குகளை நிறுத்தினால் 4 மீட்டர் போய்விடும். மிஞ்சுவது 3 மீட்டர். மோட்டார் வாகன விதிகள் பேருந்துக்கும் லாரிக்கும் அனுமதிக்கும் பெரும அகலம் 2.6 மீட்டர். ஆகவே ஒரு லாரி நுழைந்துவிட்டால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் 5 மீட்டர் மிஞ்சும். லாரியும் ஆட்டோவும் ஒன்றையொன்று கடந்துவிடலாம்.

இந்தக் கணக்கில் கடையின் முன்தட்டி, விளம்பரப் பலகை, வாசலில் அடுக்கிய பெட்டி ஆகியவை சேரவில்லை. ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டர் அப்படிப் போனால் மொத்தம் ஒரு மீட்டர் குறையும். 108 ஆம்புலன்ஸ் போக வழி உண்டா இல்லையா என்பதை இந்த ஒரு மீட்டர் முடிவு செய்துவிடும். ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கமும் இரட்டைப்படைத் தேதியில் மறுபக்கமும் நிறுத்தும் முறையைப் பல நகரங்கள் கையாள்வதற்கு இதுவே காரணம். எந்தக் கடைக்காரருக்கும் நிரந்தர இழப்பு இல்லாமல் பாதி வீதி திறந்து கிடைக்கிறது.

சட்ட அடிப்படை

1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என அது பட்டியலிடும் 18 பொருள்களில் சாலைகளும் பாலங்களும் உண்டு. தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றோடு வாகன நிறுத்துமிடமும் உண்டு. தமிழ்நாட்டில் நகராட்சிகளை நெடுங்காலம் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் ஆண்டது. 2023 ஏப்ரல் 13 முதல் அதன் இடத்தில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 நடைமுறைக்கு வந்தது.

சாலையில் ஓடும் வாகனத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம், 1988இல் இருக்கிறது. அதன் முக்கியப் பிரிவுகள் இவை:

- பிரிவு 115: பொதுப் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு சாலையில் வாகனங்களைத் தடை செய்யலாம், கட்டுப்படுத்தலாம். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை. உள்ளூரில் அறிவித்தால் போதும். திருவிழாக் கால மாற்றுப்பாதைகளுக்கு இது உதவுகிறது.
- பிரிவு 117: வாகனங்கள் நிற்கும் இடங்களை மாநில அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ, அப்பகுதி உள்ளாட்சியைக் கலந்தாலோசித்துத் தீர்மானிக்கலாம். சாலையைப் பயன்படுத்துவோரின் பாதுகாப்புக்கும் தடையற்ற போக்குவரத்துக்கும் முதலிடம் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. ஆட்டோ, வேன் போன்ற பொதுச் சேவை வாகனங்களின் ஸ்டாண்டும் இந்தப் பிரிவின் கீழ் வரும்.
- பிரிவு 122: பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஏற்படும்படி வாகனத்தை விட்டுச் செல்வதைத் தடுக்கிறது.
- பிரிவு 127: தடை செய்த இடத்தில் நிறுத்திய வாகனத்தையும், பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் வாகனத்தையும் காவல்துறை அப்புறப்படுத்தலாம்.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் திருத்தப்பட்டன. நோ பார்க்கிங் இடத்தில் நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய்.

யாருடைய சாலை

ஊருக்குள் இருப்பதால் ஒரு சாலை நகராட்சியின் சாலை ஆகிவிடாது. உள்தெருக்கள் நகராட்சிக்கும், வெளியூர்களை இணைக்கும் முக்கியச் சாலைகள் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கும் உரியவை. நெடுஞ்சாலைத் துறைக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் தருகிறது. அபராதம் விதிப்பது காவல்துறை. பேருந்து ஓட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டமும் தனியார் நிறுவனங்களும். பேருந்து நிலையத்தைப் பராமரிப்பது நகராட்சி. பல கைகளில் பிரிந்து கிடக்கும் இந்தப் பொறுப்பினால்தான் ஒரே முக்கத்தைப் பற்றிய புகார் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றுகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு இத்துறைகள் எல்லாம் ஒரே மேசையில் அமரும் இடம்.

முடிவு எடுக்கும் முறை

நகர்மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. 2011க்குப் பின் நீண்ட இடைவெளி விழுந்து, 2022 பிப்ரவரி 19இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வாகன நிறுத்தம் தொடர்பான கோரிக்கை வார்டு உறுப்பினர் வழியாகவோ மனுவாகவோ வந்தால், பொறியியல் பிரிவும் நகரமைப்புப் பிரிவும் இடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதும். ஆணையர் அதைக் கூட்டப் பொருளாக வைப்பார். மன்றம் விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றும். பலகை நடுவது, கோடு போடுவது, வேகத்தடை அமைப்பது ஆகியவற்றின் செலவுக்கு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். வாகன நிறுத்த விதி நடைமுறைக்கு வர, பிரிவு 117 சொல்லும் கலந்தாலோசனையும் உரிய அதிகாரியின் ஆணையும் வேண்டும்.

இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒரு நாள் காலையில் பேரிகார்டு நிற்கும். ஒரு வாரம் அபராதம் விழும். பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். இடம் காட்டாமல் விதிக்கும் தடை பக்கத்துத் தெருவில் நெரிசலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு முடிகிறது.

வேகத்தடையிலும் இதே நிலைதான். இந்திய சாலைப் பேராயம் பரிந்துரைக்கும் வளைந்த வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், அதற்கு வெள்ளை வண்ணப் பட்டையும் முன்னறிவிப்புப் பலகையும் வேண்டும். தெருவாசிகள் தாங்களாகவே போடும் குறுகிய மேடுகள் முதுகெலும்பையும் கர்ப்பிணிகளையும் பதம் பார்ப்பவை. இரவில் பைக் ஓட்டுபவருக்கு உயிராபத்து.

கட்டணமும் குத்தகையும்

பேருந்து நிலைய சைக்கிள் ஸ்டாண்டு, சந்தை ஆகியவற்றில் கட்டணம் வசூலிக்கும் உரிமையை நகராட்சிகள் ஏலம் விட்டுக் குத்தகைக்குத் தருவது வழக்கம். இது நகராட்சியின் வரியல்லாத வருவாயில் சேரும். ரசீது தருவது, கட்டணப் பலகை வைப்பது, கூரையும் விளக்கும் அமைப்பது ஆகிய நிபந்தனைகள் குத்தகை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் மக்கள் தெருவோரத்தை விட்டு ஸ்டாண்டுக்கு வருவார்கள்.

புதிய கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். வணிக வளாகம், மருத்துவமனை, திருமண மண்டபம் ஆகியவை தம் மனைக்குள்ளேயே வாகனம் நிறுத்த இடம் விட வேண்டும். வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டிய தரைத்தளம் பின்னர் கடையாகவோ கிடங்காகவோ மாறினால், அந்த வாகனங்களின் சுமை முழுவதும் தெருவின் மேல் விழுகிறது.

தரைக்கடைகளும் நடப்போரும்

பூ, பழம், மீன், காய்கறி விற்கும் தரைக்கடைக்காரர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் நெரிசலுக்குக் காரணமாக முதலில் சுட்டப்படுபவர்கள். சட்டம் அவர்களை வேறுவிதமாகப் பார்க்கிறது. தெருவோரத்தில் வணிகம் செய்வது, உரிய கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்குள் அடங்கும் என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014 ஆணையர் தலைமையில் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். போக்குவரத்துக் காவல்துறைக்கும் இடம் உண்டு. கணக்கெடுப்பில் பதிவான வியாபாரிகளுக்கு, மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்ற வரம்புக்குள் இடம் தர வேண்டும். 2011 கணக்கின்படி பட்டுக்கோட்டைக்கு இந்த வரம்பு 1,800 பேருக்கு மேல் வரும்.

நடப்போரின் உரிமையும் நீதிமன்றத்தில் உறுதியாகியுள்ளது. தடையற்ற நடைபாதை, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. பேருந்தில் வந்து இறங்கிக் கடைவீதிக்கு நடக்கும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், முதியோர் ஆகியோரே இந்நகர வீதிகளை அதிகம் நம்பியிருப்பவர்கள். அவர்களிடம் நிறுத்துவதற்கு வாகனம் இல்லை. ஆகவே வாகன நிறுத்தம் பற்றிய பேச்சில் அவர்கள் குரலும் கேட்பதில்லை.

பிற நகரங்களின் அனுபவம்

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் சாலை சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் அகன்ற நடைபாதை வளாகமாக மாற்றப்பட்டு 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. கார்கள் நின்ற இடத்தில் மக்கள் நடக்கிறார்கள். அருகே தணிகாசலம் சாலையில் பலதள வாகன நிறுத்தம் அதன் பிறகே திறந்தது. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

வாகன நிறுத்தக் கட்டண மீட்டர் உலகில் முதன்முதலாக 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் நிறுவப்பட்டது. கடை முன் நாள் முழுவதும் ஒரே கார் நிற்காமல், வருகிறவர் போகிறவருக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி கார் வைத்திருப்பவர் அதை நிறுத்தத் தமக்கு இடம் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். தெருவை வீட்டுக் கொட்டகையாக்க அங்கே இடமில்லை. பெருநகர முறைகளை அப்படியே சிறுநகருக்குக் கொண்டுவர முடியாது. பட்டுக்கோட்டையின் சிக்கல் பெரும்பாலும் இருசக்கர வாகனச் சிக்கல். ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேண்டும். அதே இடத்தில் ஐந்து பைக்குகள் நிற்கும். பலதளக் கட்டடத்துக்குக் கோடிகளைச் செலவிடும் முன், கடைவீதியிலிருந்து நடக்கும் தூரத்தில் கூரை போட்ட இரண்டு மூன்று சிறு ஸ்டாண்டுகள் அமைத்தாலே பெரும் மாற்றம் வரும்.

குடிமக்களின் பங்கு

2022இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி நகராட்சிகளிலும் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. தெருவிளக்கு, குடிநீர் போலவே வாகன நிறுத்தமும் அங்கே எழுப்பத்தக்க பொருள். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மன்றத் தீர்மானத்தின் நகலையும் குத்தகை நிபந்தனைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் கேட்டுப் பெறலாம். தீர்வு கிடைக்காதபோது தஞ்சாவூர் மாவட்ட வழக்குகளை ஏற்கும் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை நாடலாம்.

மதிப்பீடு

பட்டுக்கோட்டை அளவிலான ஒரு நகருக்குத் தேவையான சட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே உள்ளன. தேவைப்படுவது சரியான வரிசை: முதலில் வீதியை அளந்து, வாகனத்துக்கும் வியாபாரிக்கும் நடப்போருக்கும் இடம் ஒதுக்கி, நகர்மன்றத்தில் வெளிப்படையாகத் தீர்மானித்து, பலகை வைத்து ஊரறியச் சொல்லி, அதன் பின்னரே அபராதம் விதிக்க வேண்டும். இந்த வரிசையில் வரும் விதியை மக்கள் மதிப்பார்கள். வண்டி வைத்திருப்போரும் கடை வைத்திருப்போரும் தங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில், ஒன்றும் இல்லாமல் நடந்து வருவோரையும் உடன் அழைத்துச் சென்று, இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும்.