சூத்திரத்திலிருந்து எந்திரக் கட்டளைக்கு: அறிவியல் கணிப்பில் நிரல் மொழிமாற்றத்தின் வரலாறு

1950களின் முற்பகுதியில் ஒரு கணினி மையத்தில் கணினிக்கு ஆகும் செலவுக்குக் குறையாத தொகை நிரலர்களுக்கும் ஆயிற்று என்றும், கணினி ஓடும் நேரத்தில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை பிழை திருத்துவதிலேயே கழிந்தது என்றும் ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் பின்னாளில் எழுதினார். அவர் குறிப்பிட்ட அந்தச் சுமையைக் குறைக்க, 701 கணினிக்காக பேக்கஸ் 1953இல் உருவாக்கிய ஸ்பீட்கோடிங் ஏற்கெனவே முயன்றிருந்தது. அது இன்டர்பிரெட்டர் வகையைச் சேர்ந்தது. அதாவது, கட்டளைகளை முன்கூட்டியே எந்திரமொழிக்கு மாற்றிவைக்காமல், ஓடும்போதே ஒவ்வொன்றாகப் படித்துப் பொருளறிந்து நிறைவேற்றுவது. இதனால் விளைந்த தாமதம் அன்று உறுத்தவில்லை. மிதவைப்புள்ளி எண்களை, அதாவது தசமப்புள்ளி இடம்பெயரும் எண்களை, கையாளும் வன்பொருள் 701இல் இல்லாததால் ஒவ்வொரு கூட்டலும் பெருக்கலுமே நீண்ட நேரம் எடுத்தது. இன்டர்பிரெட்டரின் தாமதம் அதற்குள் மறைந்துபோயிற்று. 704 கணினி அவ்வசதியை வன்பொருளிலேயே கொண்டுவந்தபோது அந்த மறைப்பு விலகியது.

704 கணினிக்காக பேக்கஸும் அவருடைய குழுவினரும் உருவாக்கி 1957 ஏப்ரலில் வெளிவந்த ஃபோர்ட்ரான், கணிதச் சூத்திரத்தை ஒத்த வரிகளை ஓட்டத்துக்கு முன்பே முழுமையாக எந்திரமொழிக்கு மாற்றியது. இவ்வாறு மாற்றும் நிரலே கம்பைலர். சூத்திரங்களை ஏற்கும் மொழிமாற்றி ஒன்றை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லேனிங், சியர்லர் இருவரும் முன்னரே இயக்கிக் காட்டியிருந்தனர். ஆனால் அதன் வேகம் குறைவு. பேக்கஸ் குழு மொழியின் அழகைவிட மாற்றப்பட்ட நிரலின் வேகத்தையே முதன்மையாகக் கொண்டது. தேர்ந்த நிரலர் கையால் எழுதுவதற்கு ஈடாக அது ஓடாவிட்டால் எவரும் அதைத் தொடமாட்டார் என்பதை அக்குழு சரியாகவே உணர்ந்திருந்தது.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதைக் கம்பைலரின் உட்பகுதிகளில் காணலாம். அணியின் எந்த உறுப்பை அடுத்து எடுப்பது என்பதைக் குறித்துவைக்கும் சுட்டுப் பதிவகங்கள் 704இல் மூன்றே இருந்தன. பல அடுக்குச் சுழற்சிகள் கொண்ட நிரலில் அம்மூன்றை எதற்கு எப்போது ஒதுக்குவது என்பதிலேயே வேகம் அடங்கியிருந்தது. நிரலின் எப்பகுதி அடிக்கடி ஓடும் என்று தெரிந்தால் ஒதுக்கீட்டைச் சீராகச் செய்யலாம் என்பதால், லோயிஸ் ஹெய்ப்ட் எழுதிய பகுதி, தற்போக்கு எண்களைக் கொண்டு நிரலின் ஓட்டத்தைப் பாவனையாகப் பலமுறை நடத்தி, ஒவ்வொரு பகுதியும் எத்தனை முறை ஓடக்கூடும் என்று மதிப்பிட்டது. ஷெல்டன் பெஸ்ட் அமைத்த பகுதி அம்மதிப்பீட்டைப் பெற்றுப் பதிவகங்களைப் பகிர்ந்தளித்தது. கணினித் துறையே முறையாக உருவாகாத காலத்தில் செய்யப்பட்ட இப்பணி இன்று படிக்கும்போதும் வியப்பூட்டுகிறது. குழுவினர் தாமே பதிவுசெய்த ஓர் எடுத்துக்காட்டில், 47 ஃபோர்ட்ரான் வரிகளை அக்கம்பைலர் ஆறு நிமிடங்களில் ஏறத்தாழ 1,000 எந்திரக் கட்டளைகளாக்கியது.

மொழியின் விதிகளும் பின்னாளில் கம்பைலருக்குத் துணைநின்றன. ஒரு துணைநிரலுக்குத் தரப்படும் இரண்டு அணிகளில் ஒன்றன் மதிப்பு மாற்றப்படுமானால், அவை நினைவகத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது ஃபோர்ட்ரானின் விதி; ஆகவே கம்பைலர் கணக்குகளின் வரிசையை அச்சமின்றி மாற்றியமைக்கலாம். சி மொழியின் சுட்டிகளுக்கு இத்தகைய உறுதி கிடையாது. அதை நிரலர் தாமே அறிவிக்க உதவும் சொல், 1999ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் அம்மொழிக்குள் வந்தது.

1970களின் இறுதியில் ஃபோர்ட்ரானின் நிலையே மாறத் தொடங்கியது. நேரியல் இயற்கணிதத்துக்கான லின்பேக், ஐஸ்பேக் ஆகிய ஃபோர்ட்ரான் தொகுப்புகளைத் தம் மாணவர் ஃபோர்ட்ரான் எழுதாமலே பயன்படுத்த வேண்டும் என்பதற்காக, நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் மேட்லேப் என்ற சிறு கருவியைச் செய்தார். மனிதர் எழுதும் உயர்மட்ட மொழியாகப் பிறந்த ஃபோர்ட்ரான், இவ்வாறு மற்றொரு மொழிக்கு அடியில் நின்று உழைக்கும் விரைவு மொழியாயிற்று. பைத்தான் பரவியபோது இதுவே பேரளவில் நிகழ்ந்தது.

பைத்தானில் இரண்டு எண்களைக் கூட்டும்போது, இன்டர்பிரெட்டர் அவ்விரண்டும் எவ்வகைப் பொருள்கள் என்று ஓட்டத்தின்போதே சோதித்து, அவ்வகைக்குரிய கூட்டல் செயலைத் தேடிப்பிடித்து, விடைக்காகப் புதிய பொருளொன்றை நினைவகத்தில் ஆக்குகிறது. எட்டு பைட்டில் அடங்கும் ஒரு மிதவைப்புள்ளி எண் வழக்கமான 64 பிட் பைத்தானில் 24 பைட் கொள்கிறது. சுழற்சி பத்து லட்சம் முறை ஓடினால் இச்சடங்கும் பத்து லட்சம் முறை நடக்கிறது. எனவே ஆய்வாளர் பைத்தானில் கருத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதே நிரலைச் சி மொழியிலோ ஃபோர்ட்ரானிலோ கையால் மறுபடி எழுதினர். ஒரே கணக்கு இரு வடிவங்களில் வாழும்போது, ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் விடுபட இடமுண்டு; அறிவியல் முடிவின் நம்பகத்தன்மையைத் தொடும் குறை இது.

இந்த இரட்டை வேலையைத் தவிர்க்க, 2002இல் வந்த பைரெக்ஸும் அதிலிருந்து 2007இல் பிரிந்த சைத்தனும் பைத்தான் வரிகளைச் சி மொழிக்கு மாற்றித் தந்தன; மாறியின் வகையை நிரலர் அறிவித்தால் அவ்வரிகள் விரைவாக ஓடின. 2012இல் வெளிவந்த நம்பா அந்த அறிவிப்பையும் வேண்டாமல், செயற்கூறு முதன்முறை அழைக்கப்படும்போது அதற்குத் தரப்படும் மதிப்புகளின் வகையைக் கண்டு, எல்எல்விஎம் என்னும் கம்பைலர் கட்டமைப்பு வழியாக எந்திரமொழி ஆக்குகிறது. அதே ஆண்டு அறிமுகமான ஜூலியா மொழி, இரு மொழிகளில் எழுதும் வழக்கத்தையே ஒழிக்கும் நோக்குடன் வடிவமைக்கப்பட்டது. இவை அனைத்தும் முதலில் தேடுவது ஒன்றையே: ஓடப்போகும் மதிப்பு எவ்வகையானது என்ற அறிவு. அது கிடைக்காத இடத்தில் எக்கருவியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. அது முழுமையாகக் கிடைக்குமிடத்தில் பைத்தான் வரிகளும் சி மொழிக்கு நிகராக ஓடக்கூடும்.

ஃபோர்ட்ரானைக் காலாவதியான மொழி என்று பாடத்திட்டங்கள் ஒதுக்குவது இவ்வரலாற்றுக்குப் பொருந்தாது. பைத்தானில் அணிப்பெருக்கலை ஒரே வரியில் முடிக்கும் மாணவர், அவ்வரியின் கீழ் இயங்கும் நிரலகத்தை ஒருமுறையேனும் திறந்து பார்க்க வேண்டும். அங்கு அவர் காண்பது ஃபோர்ட்ரானுக்காக வகுக்கப்பட்ட பிளாஸ் என்னும் அழைப்புமுறையாக இருக்கும்.