வனத்து அந்தோனியார்

வனத்து அந்தோனியார் (கி.பி. 251–356) எகிப்து நாட்டுப் பாலைவனத் துறவி, கிறித்தவத் துறவு நெறியின் தந்தை எனப் போற்றப்படுபவர். குருவிகுளம், கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கம் அந்தோனியார் என்றால் புளியம்பட்டித் திருத்தலம்தான் நினைவுக்கு வரும். அங்கே கோயில் கொண்டிருப்பவர் பதுவை நகர் அந்தோனியார். அவர் திருநாள் ஜூன் 13. வனத்து அந்தோனியார் அவருக்கு 900 ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர். இவர் திருநாள் ஜனவரி 17.

நைல் ஆற்றுப் பகுதியில் கோமா என்னும் ஊரில், வசதியான வேளாண் குடும்பத்தில் பிறந்தார். இருபது வயதுக்குள் தாய் தந்தையரை இழந்தார். ஒரு தங்கையும் ஏறத்தாழ 200 ஏக்கர் விளைநிலமும் அவர் பொறுப்பில் நின்றன. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் நற்செய்தி வாசகத்தைக் கோயிலில் கேட்டவர், நிலத்தை ஊராருக்கே கொடுத்துவிட்டார். தங்கையைக் கன்னியர் பராமரிப்பில் விட்டு, முதலில் ஊரோரத்திலும் பிறகு ஒரு கல்லறைக்குள்ளும், அதன்பின் பாழடைந்த கோட்டையொன்றில் 20 ஆண்டுகளும் தனித்திருந்து தவம் செய்தார்.

ஆனாலும் உலகைக் கைகழுவியவர் அல்லர். 311இல் கிறித்தவர்கள் வேட்டையாடப்பட்டபோது அலெக்சாந்திரியாவுக்கே போய், சிறையில் கிடந்தவர்களைத் தேற்றினார்.

பின்னர் செங்கடல் அருகே ஒரு மலையடிவாரத்தில் குடியேறினார். பிறர் தமக்கு ரொட்டி சுமந்து வருவது பொறுக்காமல் நிலம் கொத்தித் தானியம் விதைத்தார். வருவோருக்காகக் காய்கறியும் போட்டார். தண்ணீருக்கு வந்த காட்டு விலங்குகள் வெள்ளாமையை அழித்தபோது, ஒன்றை மெல்லப் பிடித்து, 'உங்களுக்கு நான் தீங்கு செய்யாதிருக்க, எனக்கு ஏன் செய்கிறீர்கள்?' என்ற பொருளில் கேட்டாராம். அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் எழுதிய அவரது வரலாற்றில் இடம்பெறும் பல அற்புதங்களைவிட, கரிசல் சம்சாரிக்கு இந்தச் சிறு நிகழ்ச்சியே அவரை நெருக்கமாக்கும். கிறித்தவ இறையியலாளர் அகுஸ்தீனாரின் மனமாற்றத்துக்குத் தூண்டுகோலானதும் அந்த நூலே.

கால்நடைக் காவலர் என்ற பெயர் பின்னாளில் வந்தது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில், நச்சுப் பூஞ்சை படர்ந்த தானியத்தால் உண்டான எரிநோய்க்கு மருத்துவம் பார்க்க அவர் பெயரால் ஒரு சபை எழுந்தது. அச்சபையார் மணி கட்டி வளர்த்த பன்றிகளே அவர் படங்களில் காலடியில் நிற்கின்றன. அதிலிருந்து ஜனவரி 17 கால்நடைகளை மந்திரிக்கும் நாளாயிற்று.

தமிழகத்தில் அந்த நாள் மாட்டுப்பொங்கலை ஒட்டியே வருவதால் இரண்டும் இயல்பாகக் கலந்தன. திண்டுக்கல் அருகே கொசவபட்டியில் அந்தோனியார் திருவிழாவையொட்டி ஜல்லிக்கட்டு நடக்கிறது.

தம்மைப் புதைத்த இடம் யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவரது கடைசி விருப்பம். செங்கடல் மலையடியில் அவர் பெயரில் எழுந்த மடத்தில் காப்திக் (எகிப்தியக் கிறித்தவ) துறவிகள் இன்றும் வாழ்கிறார்கள்.