அழைத்தும் வாராதவர்கள்

குர்துபா நகரத்து மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் நூலில் புற்றுநோயைப் பற்றியும் பேசுகிறார். மார்பகம் போன்ற உறுப்பில் கட்டி சிறிதாய், தொடக்க நிலையில் இருப்பின் அறுத்தெடுக்கலாம். நாட்பட்டுப் பெருத்துவிட்டால் நெருங்கவே வேண்டாம் என்பது அவர் கருத்து. முற்றியதைத் தாம் குணப்படுத்தியதே இல்லை என்றும் ஒப்புகிறார். சிறிதாய் இருக்கும்போதே அதனைக் காண்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது.

1963-இன் இறுதியில் நியூயார்க்கில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. ஒரு மருத்துவக் காப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்த, 40 முதல் 64 வயது வரையிலான சுமார் 62,000 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் ஊடுகதிர்ப் படத்திற்கும் மருத்துவரின் கைப்பரிசோதனைக்கும் அழைத்தனர். ஆய்வை முன்னின்று நடத்தியோருள் ஒருவரான டாக்டர் பிலிப் ஸ்டிராக்ஸ், தம் துணைவியை இந்நோய்க்கே பறிகொடுத்தவர். பத்தாண்டுகளில், அழைக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. நாம் இங்கே கருத விழைவது வேறொன்று. கடிதம் எழுதி, நாள் குறித்து, தொலைபேசியில் வேண்டிய பின்னரும், அழைக்கப்பட்டோருள் மூவரில் ஒருவர் வரவில்லை!

1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் துணைவியார் பெட்டி ஃபோர்டு இந்நோய்க்காக அறுவைக்கு உள்ளானார். அதனை மறைக்கவும் இல்லை. பரிசோதனை நிலையங்களில் கூட்டம் அலைமோதிற்று. ஆனால் அவ்வேகம் நிலைக்கவில்லை. 1987-இல், 40 வயது கடந்த அமெரிக்கப் பெண்களுள் முந்திய இரண்டாண்டில் மேமோகிராம் எடுத்துக்கொண்டவர் 29 சதவீதமே. 2000-இல் அது 70 சதவீதமாயிற்று. இடையே, காப்பீடற்ற ஏழைப் பெண்களுக்காக 1990-இல் ஒரு சட்டம் வந்தது. 1991 முதல் முதியோருக்கான மெடிகேர் திட்டமும் செலவை ஏற்றது. பணமும் வாய்ப்பும் கதவைத் திறந்தன என்றே நாம் கொள்கிறோம்.

நம் நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களுள் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நாணமே காரணம் என்று கூறிக் கைகழுவுவோர் உளர். நம் சமுதாயத்துப் பெண்களைச் சுட்டி இதனைச் சற்று உரக்கவே கூறுவர். 1987-இல் வாராதிருந்த 71 சதவீத அமெரிக்கப் பெண்களைத் தடுத்தது எந்தப் பர்தா?

மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் வேறு வழியை மேற்கொண்டது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் குடிசைப் பகுதிகளுக்கே சென்று, கையாலேயே பரிசோதித்தனர். அழைக்கப்பட்டோருள் பெரும்பாலோர் வந்தனர். இருபதாண்டு முடிவுகள் 2021-இல் வெளியாயின: 50 வயது கடந்தோரிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. இளையோரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை.